பெயர் தெரியாமல் மருந்து அடிக்காதீர்கள்

ஐப்பசியில் இரண்டு நல்ல மழை விழுந்துவிட்டால் என் கைப்பேசிக்குப் படங்கள் வரத் தொடங்கிவிடும். திருத்தங்கல், சாத்தூர், வத்திராயிருப்பு என்று நாலா பக்கமிருந்தும் வரும். பெரும்பாலும் ஒரே பூச்சிதான். பால் வெள்ளை இறக்கை, அதில் குங்குமச் சிவப்பில் புள்ளிகள், இடையிடையே சின்னக் கறுப்புப் பொட்டுகள். படத்தோடு வரும் கேள்வியும் மாறாது. “அண்ணாச்சி, இது என்ன பட்டாம்பூச்சி? எந்த மருந்து அடிச்சா சாகும்?”

முதல் கேள்விக்கு நான் பதில் சொல்வதற்குள் இரண்டாவது கேள்வியும் வந்துவிடுகிறதே, அதுதான் என் வருத்தம். பெயர் தெரியாத ஒன்றைக் கொல்ல நமக்கு இத்தனை அவசரம் எதற்கு?

நான் பூச்சியியல் படித்தவன் இல்லை. சிவகாசியைச் சுற்றியுள்ள பட்டாசு ஆலைகளில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஆலை என்றதும் வெளியூர்க்காரர்கள் பெரிய கூரையையும் புகைபோக்கியையும் நினைத்துக்கொள்வார்கள். இங்கே அப்படி இருக்காது. கரட்டுக் காட்டில் ஏக்கர் கணக்கில் வேலி போட்டு, உள்ளே சின்னச் சின்ன ரூம்களாகக் கட்டியிருப்பார்கள். ஒரு ரூமுக்கும் அடுத்த ரூமுக்கும் நடுவே சட்டம் சொல்லும் தூரத்தை விட்டாக வேண்டும். அந்த வெட்டவெளியில் வேம்பு நிற்கும். மழை பெய்தால் தும்பை, ஆவாரை, கிலுகிலுப்பை எல்லாம் தளதளவென்று கிளம்பும். மருந்துக் கலவை ரூமிலிருந்து திரி ரூமுக்கும், அங்கிருந்து பேக்கிங் ரூமுக்கும் நாள் முழுக்க நடப்பதுதான் போர்மேன் வேலை. இந்தச் சிவப்புப் புள்ளிக்காரனோடு எனக்குப் பழக்கம் ஏற்பட்டது அந்த நடையில்தான்.

இது பட்டாம்பூச்சி இல்லை. அந்துப்பூச்சி. விளக்கைச் சுற்றி வந்து விழுவதுதான் அந்து, பகலில் கலராகப் பறப்பதெல்லாம் பட்டாம்பூச்சி என்று நாம் ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். அந்தக் கணக்கு தப்பு. பகலில் பறக்கும் அந்துகள் ஏராளம். அவற்றில் பல பட்டாம்பூச்சியைத் தோற்கடிக்கும் நிறம் கொண்டவை. சந்தேகம் வந்தால் உணர்கொம்பைப் பாருங்கள். பட்டாம்பூச்சிக்கு அதன் நுனி தடித்துக் குமிழாக இருக்கும். அந்துக்கு நூலாகவோ சீப்புப் பல்லாகவோ இருக்கும், நுனியில் குமிழ் இருக்காது. நம் ஊரில் பார்க்கும் பூச்சிகளில் இந்த ஒரு சோதனையே பெரும்பாலும் போதும்.

நம் சிவப்புப் புள்ளிக்காரனின் பேரினம் யுட்டெதைசா. இதில் புல்செல்லா என்ற இனத்துக்கு 1758இலேயே லின்னேயஸ் பெயர் வைத்துவிட்டார். தென் ஐரோப்பா, ஆப்பிரிக்கா, இந்தியா என்று பரந்து கிடக்கும் பூச்சி அது. நெடுந்தூரம் பறக்கும் திறன் உண்டு. காற்றோடு கிளம்பிச் சில வருஷங்களில் இங்கிலாந்து வரைக்கும் போய் இறங்கிவிடுகிறது. அதன் பங்காளிகளான லோட்ரிக்ஸ், புல்செல்லாய்டஸ் என்ற இனங்களும் இந்தியாவில் உண்டு. மூன்றும் அண்ணன் தம்பி ஜாடையில் இருப்பதால், தூரத்தில் எடுத்த ஒரு படத்தை வைத்துக்கொண்டு இன்ன இனம் என்று யாரும் அடித்துப் பேசக் கூடாது. யுட்டெதைசா என்ற அளவில் நிறுத்திக்கொள்வதுதான் நாணயம்.

இதன் நடமாட்டத்தைக் கவனிக்கத் தனியாகக் காடு மலை போக வேண்டாம். வெயில் ஏறியபின் மழைக்கு முளைத்த புல்லுக்குள் கால் வைத்தால் காலடியிலிருந்தே எழும். பறக்கும்போது பின்னிறக்கையின் வெள்ளையும் அதன் ஓரத்துக் கறுப்புத் தீற்றலும் தெரியும். கொஞ்ச தூரம் போனதும் பறப்பதை வெட்டிக்கொண்டு நேராக இறங்கிவிடும். இறங்கிய இடத்தில் போய்த் தேடினால் ஆளைக் காணோம். இறக்கைகளை உடம்போடு இறுகச் சுருட்டிக்கொண்டு, ஒரு புல்தண்டை ஒட்டிப் படுத்திருக்கும். விரித்தால் மூன்று நான்கு சென்டிமீட்டர் வரும் பூச்சி, சுருட்டினால் ஒரு குச்சித் துண்டு. கிட்டே போனாலும் பதற்றப்படாது. பட்டாம்பூச்சியைப் படம் எடுக்கக் குட்டிக்கரணம் போட வேண்டும். இது நிதானமாக நின்று கொடுக்கும்.

பயமில்லாததற்குக் காரணம் உண்டு. இதன் புழு தின்பது கிலுகிலுப்பைச் செடி. இலை, பூ, பச்சைக்காய் மூன்றையும் தின்னும். சாம்பல் கறுப்பு உடம்பு, முதுகில் வெள்ளைக் கோடு, குறுக்கே ஆரஞ்சுத் திட்டுகள், ஆங்காங்கே நீள மயிர் என்று அதுவும் நிறம் காட்டும் புழுதான். கிலுகிலுப்பைக்குள் பைரோலிசிடின் ஆல்கலாய்டு என்னும் நச்சு வகை இருக்கிறது. மாடு இந்தச் செடியை அளவுக்கு மீறித் தின்றால் ஈரல் கெடும். ஆனால் இந்தப் புழு அதே நச்சைத் தின்று, செரித்துத் தள்ளாமல் உடம்பிலேயே சேர்த்து வைத்துக்கொள்கிறது. புழு கூட்டுப்புழுவாகி, கூட்டுப்புழு அந்தாகி வெளியே வந்தபிறகும் அந்தச் சேமிப்பு கூடவே வருகிறது. சிவப்பும் கறுப்பும் வெள்ளையும், என்னைத் தின்றால் கசக்கும் என்று பறவைக்கும் சிலந்திக்கும் எழுதி வைத்த எச்சரிக்கை.

இதை அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் தாமஸ் ஐஸ்னர் விலாவாரியாக ஆராய்ந்தார். 1929இல் பிறந்து 2011இல் மறைந்தவர். வேதியியலாளர் ஜெரால்ட் மைன்வால்டோடு சேர்ந்து, புளோரிடாவில் வாழும் யுட்டெதைசா ஆர்னாட்ரிக்ஸ் என்ற இனத்தை எடுத்துக்கொண்டார். அதுவும் கிலுகிலுப்பை தின்னும் பூச்சிதான். அங்கே பொன்னிழைச் சிலந்தி என்று ஒரு பெரிய சிலந்தி உண்டு. அதன் வலையில் இந்த அந்து விழுந்தால் துள்ளாது, துடிக்காது. சிலந்தி வந்து தொட்டுப் பார்க்கும். பிறகு அந்தைச் சுற்றியுள்ள இழைகளை ஒவ்வொன்றாகக் கத்தரித்துக் கீழே விழவிடும். அந்து பறந்துபோய்விடும். ஆல்கலாய்டே இல்லாத தீனி கொடுத்து ஆய்வகத்தில் வளர்த்த அந்துகளை அதே வலையில் விட்டால் சிலந்தி தின்றுவிட்டது. நிறம் ஒன்றுதான், புள்ளி ஒன்றுதான். உள்ளே இருக்கும் சரக்குதான் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது.

இதைவிட அதிசயம் இவற்றின் குடும்ப வாழ்க்கை. ஆண் அந்து, தான் சேர்த்த நச்சிலிருந்தே ஒரு வாசனையைத் தயாரிக்கிறது. ஜோடி சேரும் நேரத்தில் அந்த வாசனையைக் காட்டி, தன்னிடம் எவ்வளவு இருப்பு என்பதைப் பெண்ணுக்குத் தெரிவிக்கிறது. இணையும்போது விந்தோடு சேர்த்து நச்சில் ஒரு பங்கையும் பெண்ணிடம் கொடுத்துவிடுகிறது. பெண் தன் பங்கையும் அதோடு சேர்த்து முட்டைகளுக்குள் வைத்துவிடுகிறது. எறும்பும் பொறிவண்டும் அந்த முட்டையைத் தொட யோசிக்கின்றன. பிறக்காத பிள்ளைக்குத் தாயும் தகப்பனும் சேர்ந்து சீர் கொடுத்து அனுப்புகிற பூச்சி இது. இத்தனையும் புளோரிடாவில் ஏதோ ஓர் அடர்காட்டில் நடந்த கதை என்று நினைக்க வேண்டாம். இதே பேரினமும் இதே கிலுகிலுப்பைக் குடும்பமும் நம் ஆலை வேலிக்குள் இருக்கின்றன. நம்மில் யாரும் உட்கார்ந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

இனி மருந்து விஷயத்துக்கு வருகிறேன்.

போன மழைக்காலத்தில் ராஜபாளையம் பக்கத்து விவசாயி ஒருவர் என்னைத் தேடி வந்தார். தென்னைக்கு நடுவே சணப்பை விதைத்திருந்தார். சணப்பையும் கிலுகிலுப்பை இனம்தான் என்பதால் புழு ஏறிவிட்டது. கையில் ஒரு கொத்தும், பையில் உரக்கடையில் வாங்கிய பாட்டிலும் இருந்தன. கொத்தில் சிவப்புப் புள்ளிக்காரனின் புழு இரண்டு. கூடவே ஆர்ஜினா ஆஸ்ட்ரியா என்ற இன்னொரு அந்தின் புழுவும் இருந்தது. அந்த அந்து ஆரஞ்சு இறக்கையில் கறுப்புப் பொட்டு வைத்தது. அதன் புழு காயைத் துளைத்துத் தலையை உள்ளே விட்டு விதை தின்னும்.

“சணப்பையை என்ன செய்யப் போறீங்க மாமா?”

“பூவெடுத்ததும் மடக்கி உழ வேண்டியதுதான். தென்னைக்கு உரத்துக்குத்தானே போட்டது.”

“இன்னும் எத்தனை நாள் இருக்கு?”

“பத்து நாள் போகும்.”

“பத்து நாள்ல மண்ணுக்குள்ள போகப்போற செடிக்கு எதுக்கு மருந்து?”

அவர் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “கடைக்காரர் கேக்கவே இல்லயே, நானும் சொல்லல” என்றார்.

அதுதான் விஷயம். பசுந்தாள் உரத்துக்கு விதைக்கிற சணப்பையை ஏறத்தாழ 45 நாளில், பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதுவிடுகிறோம். காய் பிடிக்கும்வரை அது நிலத்தில் நிற்பதே இல்லை. பூவிலும் காயிலும் விழுகிற புழுவால் உரத்துக்கு என்ன நட்டம்? புழு தின்ற இலையும் எச்சமாக அதே மண்ணில்தான் விழுகிறது. விதைக்கென்று சணப்பை போட்டவருக்கு மட்டும்தான் இந்தப் புழு ஒரு கவலை. அவருக்கும் பூக்கிற நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு மருந்து அடிப்பது கைக்காசைக் கரைப்பதுதான். சணப்பைப் பூவை அமுக்கித் திறந்து மகரந்தம் சேர்ப்பவை மரத்தைத் துளைத்துக் குடியிருக்கும் பெரிய கருவண்டுகளும் அதுபோன்ற பெரிய தேனீக்களும்தான். மருந்தில் அவையும் போய்விட்டால் புழு இல்லாத செடி நிற்கும், விதையும் இருக்காது.

மண்வளத்துக்காக அரசாங்கமே இப்போது ‘மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் பசுந்தாள் உர விதையை மானியத்தில் கொடுக்கிறது. நல்ல காரியம். ஆனால் விதைப் பையோடு, இதில் வரும் புழுவுக்கு மருந்து வேண்டாம் என்று ஒரு துண்டுச் சீட்டும் சேர்த்துக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

அதற்காக எல்லாப் பூச்சிக்கும் நான் வக்காலத்து வாங்குகிறேன் என்று எண்ண வேண்டாம். நட்டம் உண்டாக்கும் பூச்சியும் நம் மண்ணில் உண்டு. அதையும் பெயர் சொல்லித்தான் பேச வேண்டும்.

அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு 1923இல் சிவகாசிக்குக் கொண்டுவந்த கதை இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்தத் தீக்குச்சிக்கு வேண்டிய மென்மரங்களில் ஒன்று பெருமரம். தீக்குச்சி மரம் என்றும் சொல்வார்கள். இலையைக் கசக்கினால் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். மானாவாரி நிலத்தில் இதை வளர்ப்பவர்களுக்கு இரண்டு அந்துகள் எதிரி. இரண்டும் அழகு.

ஒன்று எலிக்மா நார்சிசஸ். இரவில் பறப்பது. முன்னிறக்கையில் நீளவாக்கில் வெள்ளைப் பட்டை ஓடும், பின்னிறக்கை மஞ்சளும் கருநீலமும். இதன் மஞ்சள் புழு கறுப்புப் பட்டை போட்டு, நீள வெள்ளை மயிரோடு கூட்டம் கூட்டமாக வந்து கன்றை மொட்டையடித்துவிடும். பிறகு அடிமரத்துக்கு இறங்கி, பட்டையைச் சுரண்டிய துகளைத் தன் நூலோடு சேர்த்து மரத்தோடு மரமாக ஒரு நீளக் கூடு கட்டும். அந்தக் கூட்டை விரலால் சுண்டிப் பாருங்கள். உள்ளிருந்து கரகரவென்று ஒரு சத்தம் வரும். கூட்டுப்புழு தன் வயிற்றைக் கூட்டின் உட்சுவரில் தேய்த்து எழுப்பும் சத்தம் அது. கண்ணும் காலும் உருவாகிக்கொண்டிருக்கும் நேரத்திலும் தொட்டவனை விரட்டத் தெரிந்திருக்கிறது.

இரண்டாவது அட்டீவா பேப்ரிசியெல்லா. சின்னப் பூச்சி. செங்கல் கலந்த ஆரஞ்சு நிறம், அதில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். பட்டப்பகலில் பெருமரத்து இலைமேல் இறக்கையை உடம்பைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு ஒல்லியாக உட்கார்ந்திருக்கும். பார்த்தவர்களில் முக்கால்வாசிப் பேர் வண்டு என்பார்கள். இதன் புழுக்கள் கொழுந்து இலைகளையும் பூங்கொத்தையும் நூலால் சேர்த்துக் கட்டி, அந்த வலைக்குள் இருந்துகொண்டே தின்னும். ஒரு கொத்தில் வலை தெரிந்த அன்றே அதை ஒடித்து எடுத்து அழித்துவிட்டால் கன்று தப்பும். பார்த்தும் பாராமல் விட்டால் தோப்பே வலையாகும்.

இதே அட்டீவாவின் அமெரிக்கப் பங்காளி அட்டீவா ஆரியா. அது முதலில் புளோரிடாவின் தெற்கு முனையில் சைமரூபா மரத்தைத் தின்றுகொண்டிருந்தது. பெருமரத்தின் சீனத்து உறவான ஒரு மரத்தை 1784இல் பிலடெல்பியாவுக்குக் கொண்டுவந்து நட்டார்கள். அது கட்டுக்கு அடங்காமல் அந்த நாடெங்கும் பரவ, அட்டீவாவும் மரத்தின் பின்னாலேயே வடக்கே ஏறிப் போனது. அங்கே அந்த மரம் ஒழிக்க முடியாத களை. அதனால் அதைத் தின்கிற பூச்சிமேல் அவர்களுக்குப் பகை இல்லை. பூவுக்குப் பூ போய் மகரந்தம் சேர்க்கிறது என்று பாராட்டுகிறார்கள். ஒரே பேரினம், ஒரே வகை மரம். அங்கே விருந்தாளி, இங்கே விரோதி. இடத்தையும் செடியையும் சேர்த்துப் பார்த்தால்தான் பூச்சியைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

கடலை போடுகிறவர்களுக்குச் சிவப்புக் கம்பளிப்புழுவைத் தெரியும். அதுவும் நம் சிவப்புப் புள்ளிக்காரனின் குடும்பம்தான். கோடை மழை விழுந்ததும் மண்ணுக்குள்ளிருந்து அந்து வெளியே வரும். இரவில் விளக்குப் பொறி வைத்தும் தீ மூட்டியும் ஊரே சேர்ந்து பிடித்தால்தான் கடலை தப்பும். அந்தப் புழுவின் மேலிருக்கும் பயத்தில், மயிர் முளைத்த எந்தப் புழுவைக் கண்டாலும் நாம் தெளிப்பானைத் தூக்கிவிடுகிறோம். சுடலைக்குயிலும் செம்போத்தும் கம்பளிப்புழுவைத் தேடித் தின்னும் பறவைகள். எல்லாப் புழுவையும் நாமே கொன்றுவிட்டால் அவை எங்கே போகும்? அடுத்த முறை உண்மையான எதிரி வரும்போது நமக்கு ஆள் பலம் இருக்காது.

பகலில் பறக்கும் அந்துகள் இத்தோடு முடிந்துவிடவில்லை. கறுப்பு இறக்கையில் கண்ணாடி ஜன்னல் வைத்து, வயிற்றில் மஞ்சள் பட்டை கட்டி, குளவி வேஷம் போடுவது அமாட்டா பாசாலிஸ். இலைமேல் ஜோடி பின்னோடு பின் ஒட்டிக்கொண்டு மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். கொட்டாது, கடிக்காது. தட்டாம்பயறிலும் சந்தன மரத்திலும் இதன் புழு இலை தின்னும். இறக்கையே தெரியாத வேகத்தில் பூ முன்னால் அந்தரத்தில் நின்று தேன் குடிப்பது செபனோடஸ் ஹைலாஸ். தேன்சிட்டுக் குஞ்சு என்று பலர் ஏமாறுவார்கள். கூட்டிலிருந்து வெளிவந்து முதல் தடவை பறக்கும்போதே இறக்கைச் செதில்கள் உதிர்ந்து கண்ணாடியாகிவிடும். இதன் புழுவுக்குத் தீனி காப்பிக் குடும்பத்துச் செடிகள். நம் கரிசல் ஓரத்து மஞ்சணத்தியும் அந்தக் குடும்பம்தான்.

“மனுஷ உயிருக்கே உத்தரவாதம் இல்லாத தொழில் நடக்கிற ஊர்ல இருந்துக்கிட்டு, பூச்சிக்கு வக்கீலா வர்றீங்களே?” என்று என்னோடு வேலை பார்த்தவர்களே கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. விபத்தில் போனவர்களின் வீட்டு வாசலில் நின்றவன் நான். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் எங்கள் தொழிலுக்குள்ளேயே இருக்கிறது. வெடியுப்பும் வெள்ளைத் தூள், பேரியம் நைட்ரேட்டும் வெள்ளைத் தூள். பொட்டாசியம் குளோரேட்டும் அப்படித்தான். அதோடு கந்தகம் சேர்ந்தால் என்ன ஆகும் என்று எந்தப் போர்மேனையும் கேளுங்கள். அதனால் எங்களுக்கு முதல் பாடம், பெயர்ச்சீட்டு இல்லாத டப்பாவைத் திறக்காதே. பார்வைக்கு ஒன்றாக இருப்பதால் ஒன்றென்று எடுத்துக்கொள்கிறவன்தான் ரூமையும் கெடுப்பான், நாலு பேர் குடும்பத்தையும் கெடுப்பான். வயலிலும் அதே பாடம்தான். கையில் இருப்பது என்ன என்று தெரிந்தபின் அடுத்த காரியம்.

பாதுகாப்பில் சமரசம் செய்யச் சொல்லவும் இல்லை. ரூமைச் சுற்றிக் காய்ந்த புல்லும் புதரும் இருக்கக் கூடாது. விதி அது, உயிர் அது. நான் சொல்வது அதற்கு அப்பால், வேலியோரத்தில் கிடக்கும் நிலத்தை. சில வருஷமாக ஆள் கூலி கட்டவில்லை என்று பல ஆலைகளில் களைக்கொல்லியை அடித்து மொத்த வளாகத்தையும் மழைக்காலத்திலேயே கருக்கிவிடுகிறார்கள். பச்சையாக நிற்கும் செடியைக் கருக்குவது காய்ந்த சருகைத் தயாரிப்பதுதான். தீயை நினைத்தால் அது ஒரு பாதுகாப்பே இல்லை. ரூமைச் சுற்றி வெட்டிச் சுத்தமாக வையுங்கள். வேலியோரத்தை ஐப்பசியிலிருந்து தை வரை விட்டுவையுங்கள். கிலுகிலுப்பை பூத்துக் காய்த்து விதை சிந்திவிடும். மாசியில், வெயில் இறுகுவதற்கு முன்பு, அரிவாளால் அறுத்து அப்புறப்படுத்துங்கள். நாக்பூர் லைசென்ஸ் வாங்கிய பெரிய ஆலையானாலும் டி.ஆர்.ஓ. லைசென்ஸ் வாங்கிய சின்ன ஆலையானாலும் இதற்குக் கூடுதல் செலவு இல்லை. களைக்கொல்லிக் காசு மிச்சம்.

சீமைக்கருவேலத்தைப் பிடுங்கும் இடங்களிலும் இதே கதைதான். ஜேசிபி வந்து கருவேலத்தோடு ஆவாரையையும் கிலுகிலுப்பையையும் சேர்த்து வாரிவிட்டுப் போய்விடுகிறது. அந்த வெறுந்தரையில் முதலில் முளைப்பது மறுபடியும் கருவேலம். நம் மண்ணின் குறுஞ்செடிகளுக்கு இரண்டு மழைக்காலம் இடம் விட்டால் போட்டிக்கு நிற்க ஏதாவது இருக்கும்.

கவனம் எல்லாம் மலைக்கே போகிறது என்பது என் இன்னொரு குறை. திருவில்லிபுத்தூர் சாம்பல் அணில் சரணாலயத்தோடு மேகமலையைச் சேர்த்து 2021இல் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். மகிழ்ச்சி. 2019இல் தமிழ் மறவனை மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்தார்கள். அதுவும் மேற்குத் தொடர்ச்சி மலைக்காரன்தான். உலகத்தில் பட்டாம்பூச்சி இனங்கள் ஏறத்தாழ 18,000. அந்துகள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். ஆனால் பட்டாம்பூச்சிகளுக்கு வெந்தய வரியன், நீல வரியன் என்று அழகழகாகத் தமிழ்ப் பெயர் வைத்துவிட்ட நாம், அந்துகளை அம்போவென்று விட்டுவிட்டோம். நீலகிரியில் தேயிலைத் தோட்டம் பார்க்க வந்த ஜார்ஜ் ஹாம்ப்சன் என்ற வெள்ளைக்காரர், 1892 முதல் 1896 வரை நாலு பெரிய தொகுதிகளில் இந்திய அந்துகளை எழுதிவிட்டுப் போனார். 1914இல் மதராஸ் அரசு வெளியிட்ட பெயின்பிரிட்ஜ் பிளெட்சரின் தென்னிந்தியப் பூச்சிகள் நூல், விவசாயத்துக்கு எது ஆகும் எது ஆகாது என்ற கண்ணோடு பூச்சிகளைப் பார்த்தது. நூறு வருஷம் கழித்தும் நம் கண் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. அதிலும் அவர் பெயர் தெரிந்து பேசினார், நாம் பெயர் தெரியாமல் பேசுகிறோம்.

2012 முதல் ஜூலை கடைசியில் உலகம் முழுக்க அந்துப்பூச்சி வாரம் கொண்டாடுகிறார்கள். அந்த நாட்களில் விருதுநகர் மாவட்டத்தில் ஆடிக்காற்று மண்ணை வாரி அடித்துக்கொண்டிருக்கும். செடியும் இருக்காது, அந்தும் இருக்காது. நமக்கு வேண்டியது கார்த்திகையில் ஒரு வாரம். பள்ளிகளில் சுற்றுச்சூழல் மன்றம் என்று ஒன்று இருக்கத்தானே செய்கிறது? பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்து மதில் ஓரத்துக்கும் கண்மாய்க் கரைக்கும் பகல் வேளையில் கூட்டிப் போனால் போதும். வலை வேண்டாம், பாட்டில் வேண்டாம்.

படம் எடுப்பதில் மட்டும் ஒழுங்கு வேண்டும். மேலே இருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, உணர்கொம்பு தெரிய ஒன்று. பின்னிறக்கை தெரிந்தால் இன்னும் நல்லது, பல இனங்களைப் பிரித்துச் சொல்வது அதுதான். அது உட்கார்ந்திருந்த செடியையும் தனியாக எடுங்கள். தேதி, நேரம், ஊர் மூன்றையும் குறித்துவையுங்கள். ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் ஏற்றினால் தெரிந்தவர்கள் பெயர் சொல்வார்கள். ‘மாத்ஸ் ஆஃப் இந்தியா’ இணையதளத்தில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். இரண்டும் காசில்லாமல் கிடைப்பவை. பத்துப் பள்ளிகள் மூன்று மழைக்காலம் இதைச் செய்தால், கரிசல் காட்டுக்கு ஒரு அந்துப் பட்டியல் கிடைத்துவிடும்.

வேளாண்மைத் துறைக்கு ஒரு கோரிக்கை. வட்டார விரிவாக்க மையத்துச் சுவரில் மானியத் திட்டப் பலகைகளுக்குப் பக்கத்தில் ஒரு படப் பலகை மாட்டுங்கள். சணப்பையில் வருவது இது, மருந்து வேண்டாம். பெருமரத்தில் வருவது இது, வலையை ஒடித்து எடு. கடலையில் வருவது இது, ஊரோடு சேர்ந்து பிடி. எழுதப் படிக்கத் தெரியாதவரும் படத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வார். உரக்கடைக்காரர்களையும் கூப்பிட்டு அதைக் காட்டுங்கள். என்ன பயிர், எதற்குப் போட்டது, என்ன புழு என்று மூன்று கேள்வி கேட்டபின் பாட்டிலை எடுக்கச் சொல்லுங்கள்.

ஆலை முதலாளிகள் இந்த மழைக்கு வேலியோரத்துக் களைக்கொல்லியை நிறுத்தி வைக்கட்டும். விவசாயிகள் தெளிப்பானைத் தூக்குவதற்கு முன் ஒரு படம் எடுத்துத் தெரிந்தவர்களிடம் கேட்கட்டும். எனக்கு அனுப்பினாலும் தெரிந்ததைச் சொல்வேன். ஆனால் முதலில் பெயரைக் கேளுங்கள். மருந்தைப் பற்றி அப்புறம் பேசலாம்.